சின்னதுரை வண்டி

திண்டிவனம் பைபாஸ் ஓரத்து யார்டில் பழைய பொக்லைன் வண்டிகள் வரிசையாக நிற்கும். அங்கே வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் பெயின்டைப் பார்த்து ஏமாறுவார்கள், மீதிப் பேர் தரகரின் பேச்சைக் கேட்டு ஏமாறுவார்கள். இருதயராஜ் இரண்டு ரகத்திலும் சேராதவன். பதினாறு வருடம் பொக்லைன் ஓட்டியவனை யார் ஏமாற்ற முடியும்? நேரே ஏறி ஸ்டார்ட் செய்தான். ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடித்துப் பார்த்தான், புகை அடிக்கவில்லை. பின்பக்கக் கையை முழுசாகத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கிப் போய் எதிர்க்கடையில் ஒரு டீ சொன்னான். டீ முடிவதற்குள் அந்தக் கை அரையடி கீழே இறங்கியிருந்தது. சிலிண்டரில் சீல் போயிருக்கிறது, கை மூட்டுகளில் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து ஆட்டம் கொடுக்கிறது, மற்றபடி வண்டி சுத்தம் என்று கணக்குப் போட்டுக்கொண்டான். அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அவன் பிழை செய்தது வேறு இடத்தில்.

முகையூருக்கு மேற்கே நாலு கிலோமீட்டரில் அவன் ஊர். அவன் ஊர் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். ஊர் ஓடைக்கு வடக்கே இருக்கிறது, அவன் வீடு ஓடைக்குத் தெற்கே காலனியில் இருக்கிறது. வடக்கே இருக்கிற சின்னதுரைக்கு மூன்று பொக்லைன்கள். அதில் ஒன்றைத்தான் இருதயராஜ் பதினாறு வருடமாக ஓட்டினான். வரப்பு எடுப்பது, கிணறு தூர் வாருவது, பண்ணைக்குட்டை வெட்டுவது எல்லாவற்றிலும் அவன் கை பேர் போனது. பூமிக்குள் பைப் ஓடினால் பக்கெட்டின் பல் படுவதற்கு ஒரு சாண் முன்னாலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். ஊர்க்காரர்கள் சின்னதுரைக்குப் போன் போட்டால், வண்டி வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். "இருதயராஜ அனுப்பறதா இருந்தா அனுப்பு, இல்லன்னா வேணாம்" என்பார்கள். அதைத் தன் காதாலேயே நூறு தடவை கேட்டிருக்கிறான்.

கேட்டவன் என்ன நினைத்தான்? இவர்களுக்கு நான்தான் வேண்டும் என்று நினைத்தான். பாவி மனுஷன், அதுதான் அவன் பிழை.

சொந்த வண்டி வாங்கப் போவதைச் சொன்னபோது சின்னதுரை கோபப்படவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளாதே என்று மட்டும் சொன்னார். பொறாமையில் பேசுகிறார் என்று இருதயராஜ் எடுத்துக்கொண்டான். இப்போது யோசித்தால், அவரைப்போல உண்மையைச் சொன்னவர் யாருமில்லை.

திண்டிவனத்திலிருந்து வண்டியை அவனே விழுப்புரத்துக்கு ஓட்டி வந்தான். கோலியனூர் ரோட்டில் சகாயராஜ் என்கிற மெக்கானிக்கின் ஷெட்டில் மூன்று வாரம் நின்றது. சிலிண்டர்களைக் கழற்றி சீல் மாற்றினார்கள். பின்னும் புஷ்ஷும் புதிதாகப் போட்டார்கள். வெடித்த ஹோஸ்களை எறிந்தார்கள். பக்கெட்டில் மழுங்கிப்போன பற்களை அறுத்துவிட்டுப் புதுப் பற்கள் வைத்தார்கள். யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா என்று சகாயராஜ் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தடவை சொன்னான்.

இருதயராஜின் மனைவி மலர்விழி தினமும் முதல் பஸ் பிடித்து வந்துவிடுவாள். வண்டிக்காகக் கழுத்திலும் காதிலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தவள் அவள்தான். அதைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை. வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளுமாக உட்கார்ந்து துரு தேய்ப்பாள். நிலக்கடலையை அங்கே மல்லாட்டை என்பார்கள், அதைப் பிடுங்கிப் பிடுங்கிக் காய்த்த கை, சலிக்காது. சாயங்காலம் புருவம் வரைக்கும் செம்பழுப்புத் தூள் படிந்திருக்கும். மூன்றாவது வாரத்தில் எந்த நிப்பிளில் கிரீஸ் அடிக்க வேண்டும் என்று சகாயராஜின் ஆட்களுக்கே அவள் காட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மஞ்சள் பெயின்ட் அடித்து முடித்ததும் பேர் எழுதுகிறவர் வந்தார். வண்டியின் கையில் 'மலர்விழி எர்த் மூவர்ஸ்' என்று எழுதச் சொன்னான் இருதயராஜ். அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. அந்தோணியார் பேரைப் போடு, பிள்ளை பேரைப் போடு, என் பேர் எதற்கு என்று சண்டை போட்டாள். எழுதி முடித்தவர் ஏணியை எடுத்துக்கொண்டு போன பிறகு, அதன் கீழே நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அவள் பேரை யாரும் எழுதியதில்லை. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்ததை இருதயராஜ் கல்யாணத்தன்று கூடப் பார்த்ததில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்குச்சாமியார் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். இருதயராஜ் வடக்கே போய்ப் பதினோரு வீட்டில் வாசலில் நின்று அழைத்துவிட்டு வந்திருந்தான். பதினோரு வீட்டிலும் வருகிறோம் என்றார்கள். வந்தது சின்னதுரை மட்டும். ஒரு மாலையை வண்டிக்குப் போட்டு, நல்லா இரு என்று சொல்லிவிட்டுப் போனார். அறுபது லட்டு மீந்தது. காலனிப் பிள்ளைகள் இரண்டு நாள் தின்றார்கள்.

சித்திரை மாதம் அது. மல்லாட்டை எடுத்த நிலமெல்லாம் காலியாகக் கிடக்கும், பொக்லைன்காரன் சோறு தின்ன நேரமில்லாமல் ஓட வேண்டிய மாதம். இருதயராஜின் போன் அடிக்கவே இல்லை. அவனே போட்டுக் கேட்டான். ஒருவருக்கு மகள் கல்யாணம் முடியட்டும், ஒருவருக்கு மழை வரட்டும், ஒருவருக்கு யோசித்துச் சொல்ல வேண்டும். வெளியூர்ப் பக்கம் போகலாமென்றால் அங்கங்கே இருக்கிற வண்டிக்காரர்கள் சங்கம் வைத்து எல்லை கட்டியிருக்கிறார்கள், அடுத்த ஊர் வண்டியை உள்ளே விட மாட்டார்கள். பதினெட்டாம் நாள் ஒரே ஒரு போன் வந்தது. ஏரிக்கரையில் மாடு செத்துக் கிடக்கிறது, ஜல்தியாக வந்து குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போ என்று. அந்த வேலைக்கு மட்டும் மலர்விழி எர்த் மூவர்ஸ் அவர்களுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. இருதயராஜ் போனான், புதைத்தான், திரும்பினான்.

நாலு நாள் கழித்து அஞ்சம்மாளின் நிலத்தில் வேறொரு பொக்லைன் நிற்பதைப் பார்த்தான். சின்னதுரை வண்டி மூன்றுக்கும் வேலை இருந்ததால் திருக்கோவிலூரிலிருந்து வரவழைத்த வண்டி, இந்த ஊரில்தான் எல்லை கட்டச் சங்கம் கிடையாதே. அஞ்சம்மாள் புருஷன் செத்த பிறகு தனியாகப் பயிர் வைக்கிறவள், இருதயராஜ்மேல் பிரியமுள்ளவள். அவள் நிலத்தில் எந்த மூலையில் எந்த பைப் ஓடுகிறது என்று அவளைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வண்டியின் டிரைவர் போர் பைப்பை உடைத்தான். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த ஆள் இறங்கி வந்து பைப்பை யார் இங்கே புதைத்தது என்று அஞ்சம்மாளைத் திட்டினான்.

இருதயராஜ் வரப்பேறிப் போய் அஞ்சம்மாளிடம் நேராகவே கேட்டான். நான் என்ன தப்பு செய்தேன், என் வண்டி உங்கள் நிலத்தில் இறங்கக் கூடாதா என்றான். அவள் அந்த ஆளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"உன் வேலைய யாருப்பா கொற சொன்னா? நீ டிரைவரா வந்தா வாசல்ல நின்னு பேசிட்டுப் போயிடுவ. ஓனருன்னு வந்தா நாற்காலி போட்டு உக்கார வெச்சு ரேட்டு பேசணுமே. ஆம்பளைங்களுக்கு அது ஒத்துக்கல. நான் ஒருத்தி ஒன்னைக் கூப்ட்டுட்டு, நாளைக்கு என் வாய்க்காலுக்குத் தண்ணி வராம போச்சுன்னா இன்னா பண்ணுவேன்?"

"நான் எந்த நாற்காலி கேட்டேம்மா?"

"நீ கேக்கல. அவங்களுக்கு அப்டித் தோணுது."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. விழுப்புரம் பாத்திரக்கடை வாசலில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த நாற்காலி. பதினாறு வருடம் அவன் கை வேண்டும், அவன் கண் வேண்டும், அவன் சமத்து வேண்டும். அவன் உட்காருவது மட்டும் வேண்டாம். அத்தனை புகழ்ச்சியும் நாக்கு வழிக்கக்கூட உதவாது என்று அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கியது. வரப்பிறங்கி வீட்டுக்கு நடந்தான்.

அந்த வாரமே சின்னதுரை சொல்லியனுப்பினார். இருதயராஜ் போய் அவர் வாசலில் நின்றான். அவர் குரலில் இளக்காரம் இல்லை. நிஜமாகவே அவனுக்காக வருத்தப்பட்டார், அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"பேரை மாத்திரு. எம்பேர்ல ஓடட்டும். எனக்கு ஒரு பைசா வேணாம், வர்றது பூரா ஒன்னுது. ஊருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நின்னுக்கினு இருந்தா வண்டி கெட்டுப்பூடும்டா."

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தான். சொன்ன வீராப்பு ஆனி மாதம் வரைக்கும் தாங்கியது. அதற்குள் ரேடியேட்டரில் எலி கூடு கட்டிவிட்டது. பேட்டரி இறங்கிப்போனது. புதிதாகப் போட்ட சிலிண்டர் ராடில் துரு பொட்டுப் பொட்டாக ஏறத் தொடங்கியது. மலர்விழி தினமும் காலையில் ஒரு துணியில் எண்ணெய் தொட்டு அந்த ராடைத் துடைத்தாள். ஒருநாள் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள், இவளுக்கு ஒரு ஊர் முழுக்கப் பூசாரிகள்.

மறுநாள் இருதயராஜ் ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட் வாங்கி வந்தான். எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

"நீயே பூசு. எங்கையால பூச மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஏணி வைத்து ஏறிப் பூசினான். ஒரு தடவை பூசியதில் எழுத்து மறையவில்லை, இரண்டு தடவையிலும் நிழல் தெரிந்தது, மூன்றாவது தடவை பூசிய பிறகுதான் போனது. அடுத்த நாள் பேர் எழுதுகிறவர் வந்து 'சின்னதுரை எர்த் மூவர்ஸ்' என்று எழுதினார். பழைய பேர் என்ன ஆச்சு என்று அவர் கேட்டதற்கு, இருதயராஜ் கூலியை எண்ணிக் கொடுத்தான்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்று சாயங்காலமே போன் வந்தது. கல்யாணம் முடியட்டும் என்றவர், மழை வரட்டும் என்றவர், யோசித்துச் சொல்கிறேன் என்றவர் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் வேலை வந்துவிட்டது. இருதயராஜ் நம்பருக்கே கூப்பிட்டு, சின்னதுரை வண்டி சும்மா இருக்கிறதா என்று கேட்டார்கள். வண்டி யாருடையது என்று கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லக்கூட அவன் பழகிக்கொண்டான். வாசலில் நின்று பேசினான், வேலை முடிந்தது, எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆடி பிறந்ததும் தென்னரசு நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டும் வேலை. பூசைக்கு அழைத்த பதினோரு வீட்டில் தென்னரசு வீடும் ஒன்று. மத்தியானம் மலர்விழி சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். பேரை அழித்த பிறகு அவள் வண்டி கிட்டே வருவது அதுவே முதல் தடவை. வரப்பில் தென்னரசும், சென்னையிலிருந்து வந்திருந்த அவர் தங்கை மாப்பிள்ளை பிரவீன்குமாரும் நின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பையன். வண்டியைப் பார்த்து அதிசயப்பட்டான், பதினைந்து வருட வண்டி என்றால் நம்பவே முடியவில்லையே, ஒரு இடத்தில் துரு இல்லையே என்றான்.

"நம்ம சின்னதுரை வண்டி. அவுரு எதையுமே அப்டித்தான் வெச்சிருப்பாரு" என்றார் தென்னரசு. பிறகு வண்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பாத்து ஓட்டுடா இர்தயராஜு. அடுத்தவன் சொத்து."

விளையாட்டுக்குச் சொன்னாரா, மாப்பிள்ளை முன்னால் கெத்துக்குச் சொன்னாரா, தெரியாது. இருதயராஜின் கை லீவரில் அப்படியே நின்றது. பக்கெட் நிறைய மண்ணோடு அந்தரத்தில் இருந்தது.

பிரவீன்குமார் மலர்விழி பக்கம் திரும்பினான். தூக்குவாளியோடு வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிற பெண்ணை மரியாதையாகத்தான் கேட்டான். "அக்கா, நீங்க யாரு?"

தென்னரசுவின் முகம் மாறியது. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், இந்தக் குட்டையோடு ஊர் வேலை தீர்ந்தது. சொல்லிவிடமாட்டாளா என்றும் ஒரு பக்கம் இருதயராஜின் மனம் கிடந்து துடித்தது. மலர்விழி வண்டியின் கையில் இருந்த பேரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"டிரைவர் பொஞ்சாதிங்க" என்றாள்.

தென்னரசு மூச்சு விட்டார். போய் நிழலில் உட்காரும்மா, அவன் வந்து சாப்பிடுவான் என்று அன்பாகச் சொன்னார்.

இருதயராஜ் மண்ணைக் கொட்டிவிட்டு இறங்கி வந்தான். வேப்பமரத்தடியில் அவள் எதிரே உட்கார்ந்தான். எதற்கு அப்படிச் சொன்னாய் என்று கேட்டான். கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று தெரிந்தும் கேட்டான்.

"வேற இன்னா சொல்றது? சாப்டு" என்று சொல்லிச் சோற்றைத் தட்டில் போட்டாள்.

அவன் சாப்பிட்டான். இருட்டுவதற்குள் குட்டையை முடித்து, பேர் மாறியதிலிருந்து தினமும் செய்கிற மாதிரி வண்டியைக் கழுவி, ஓடைக்கு வடக்கே சின்னதுரையின் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சாவியை அவர் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, அவன் நடந்து வீடு திரும்ப வேண்டும்.