டிரஸர் ஆற்றிய மனசு

பாலிங் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸர் கனகரத்தினத்துக்குப் புண் கட்டுவதுதான் சம்பள வேலை. ஆசையெல்லாம் மனசு வைத்தியத்தில். மனநோய் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தவர். சீமைக்குப் போய் அதையே படிக்கக் கிளம்பும் நேரத்தில் ஜப்பான்காரன் வந்து குதித்தான். கப்பலும் போச்சு, படிப்பும் போச்சு.

அப்போதுதான் தோட்டத்தில் வேலை பார்த்த ராக்காயியைக் கூட்டி வந்தார்கள். புருஷன் பழனியாண்டியை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து, கிடைக்கிற மரவள்ளியை அவித்து அவன் தட்டில் வைத்துவிட்டு, "அவரு வந்து சாப்புடட்டும்" என்று பட்டினி கிடந்தாள். எலும்பும் தோலுமாகிவிட்டாள். முனி பிடித்ததென்று, தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் வேப்பிலை அடித்தார்கள். முனியாவது மண்ணாங்கட்டியாவது!

கனகரத்தினம் தினமும் எதிரே உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்டார். காத்திருக்கிறவரை இவள் சாப்பிடப் போவதில்லை, செத்தே போவாள். சயாமுக்குப் போனவர்களில் யார்தான் திரும்பினார்கள்? மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

"அவன் செத்துப்போனான், பிள்ளை. அழுதிடு."

"நெசமா தெரியுமா ஐயா?"

"ஓம். தெரியும்."

என்ன தெரியும் அவருக்கு? ஒரு மண்ணும் தெரியாது.

ஆற்றங்கரையில் கருமாதி செய்து தாலியை எடுத்தார்கள். தோட்டமே கேட்கும்படி அழுதாள். அன்றைக்கே மரவள்ளியைத் தின்றாள். கொஞ்ச நாளில் வேலைக்கும் போனாள். டிரஸருக்குப் பெருமை தாங்கவில்லை. இனிப் பட்டம் எதற்கு என்றுகூட நினைத்தார், பாவி மனுஷன்.

மறு வருஷம் பழனியாண்டி முகாமிலிருந்து தப்பி, சயாம் எல்லைக் காட்டுவழியாக வந்து சேர்ந்தான். காலெல்லாம் புண். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திவிட்டு, கனகரத்தினமே ஓடிப்போய் ராக்காயியை அழைத்து வந்தார்.

அவள் வாசலைத் தாண்டவில்லை.

"ராக்காயி, நான்தான் புள்ள."

அவள் டிரஸரைப் பார்த்தாள். "யாருங்கையா இது? அவரு மாதிரியே பேசுது."

"உன்ர புருஷன்தான், பிள்ளை. நான் பிழையாச் சொல்லிட்டன். என்னை மன்னிச்சிடு."

"வேணாங்கையா." கையெடுத்துக் கும்பிட்டாள். "அவரு செத்துட்டாரு. நீங்கதான என்னைய அழ வச்சி, சோறு தின்ன வச்சீங்க. மறுபடியும் அந்த நோயில தள்ளாதீங்க."

திரும்பி லயத்தை நோக்கி நடந்தாள். பழனியாண்டி எழுந்திருக்கப் பார்த்தான். கால் ஊன்ற முடியவில்லை.

"அவளுக்கு என்னங்கையா ஆச்சு?"

"சுகம் வந்திட்டுது, தம்பி" என்றார் கனகரத்தினம். சொன்ன வாயைப் பொத்திக்கொண்டு, அந்தக் கட்டிலின் காலடியிலேயே உட்கார்ந்து அழுதார்.