மடுல்சீமைக்கு ஏறிப் பார்த்த கார்

நிஷாலினி முதலில் அளந்தது டிக்கியைத்தான். கைப்பையிலிருந்து தையல் நாடாவை எடுத்து, அதன் அடியிலிருந்து மேல்தட்டு வரை பிடித்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். தட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் அளந்தாள்.

“தட்டு இல்லாட்டி நிக்கும்” என்றாள்.

“என்ன மிஸ் நிக்கும்?” என்று கேட்டான் ஸமீம். பண்டாரவளையில் மருந்துக்கடை வைத்திருப்பவன். விற்கப்போகிற காரைக் காலையிலேயே கழுவித் துடைத்து, டயருக்குக் கறுப்பு பூசி, பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். மஞ்சள் நிற சுவிஃப்ட் ஸ்போர்ட். கையால் கியர் போடுவது. வருகிறவர்கள் பொனட்டைத் திறக்கச் சொல்வார்கள், எஞ்சினை முறுக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தான்.

“நைதரசன் கலன். சாயாம நிக்கணும்.”

ஸமீம் அவள் கணவனைப் பார்த்தான். ரொஷான் வங்கியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். “இவ மாட்டுக்குச் சினை ஊசி போடுறவ. உறைய வச்ச விதையெல்லாம் அந்தக் கலனுக்குள்ளதான் இருக்கும்” என்றான், பலருக்குச் சொல்லிச் சலித்த குரலில்.

பதினொரு வருடமாக நிஷாலினிக்கு அதுதான் தொழில். ஸ்பிரிங்வெளியிலிருந்து கொஸ்லந்த வரை தோட்டத் தொழிலாளர் லயங்களுக்குப் பின்னால் மாடு கட்டியிருக்கிறவர்கள் பலருடைய போனில் அவள் நம்பர் இருந்தது. பருவத்துக்கு வந்த மாடு கத்தத் தொடங்கினால் அரை நாள், மிஞ்சினால் இன்னும் கொஞ்ச நேரம். அதற்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த தடவைக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் பால் இல்லாத மாட்டுக்குப் புல் அறுத்துப் போட வேண்டும். அதனால் அவள் மோட்டார் சைக்கிளில் பறந்து திரிந்தாள். அந்த வருடம் மே மாத மழையில் பசறை வளைவொன்றில் சறுக்கி விழுந்து இடது பக்கக் காறை எலும்பு உடைந்தது. மாட்டுக்குள் போகிற கை அவளுக்கு இடது கைதான். எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் இனி மோட்டார் சைக்கிளைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கார் என்று முடிவானதும் வீட்டில் பேச்சு தொடங்கியது. தினம் ஓடிய தூரத்தை எழுதிவைத்த பழைய கொப்பியைப் புரட்டிக் கூட்டியதில் வருடத்துக்கு முப்பத்து நாலாயிரம் கிலோமீற்றர் வந்தது. பத்து வருடம் வைத்திருந்தால் மூன்று லட்சத்துக்கு மேல், பாதிக்கு மேல் ஏற்றமும் இறக்கமும். ரொஷான் ஓட்டோமெட்டிக் கியர் உள்ள, உயரமான, சின்ன எஞ்சின் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். “எரிபொருள் கொஞ்சமாத்தான் குடிக்கும். ஒன் தோளுக்கும் நல்லது” என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. அப்படிப்பட்ட ஒன்றைத் தோழியிடம் இரண்டு வாரம் இரவல் வாங்கி ஓட்டியும் பார்த்தாள். டவுனுக்குள் சுகமாக இருந்தது. மலை ஏறும்போது கலனும் சாமான்களும் ஏறிய அந்தச் சின்ன எஞ்சினைக் கால் முழுக்க அழுத்தி வைத்திருக்க வேண்டியிருந்தது. முன்னால் ஒரு பஸ் வந்தால் மடுல்சீமை வரை அதன் புகைதான். இப்படி நாள் முழுக்க முக்கிக்கொண்டு ஓடுகிற எஞ்சின் மூன்று லட்சம் வரை தாங்குமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. பெரிய எஞ்சின் என்றால் பாதிப் பலத்தில் ஏறிவிடும். இறங்கும்போது இரண்டாம் கியரில் விட்டால் பிரேக்கும் பிழைக்கும்.

“ஒனக்கு வேகமா ஓட்ட ஆசை. அதுக்குக் கணக்குச் சொல்ற” என்றான் ரொஷான்.

“ஆசையும் இருக்கு” என்றாள் நிஷாலினி. “கணக்கும் இருக்கு.”

ஸமீமின் கார், முன் சொந்தக்காரர் ஓட்டியதையும் சேர்த்து, ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் ஓடியிருந்தது. சேர்விஸ் செய்த துண்டுச் சீட்டுகள் எல்லாவற்றையும் திகதி வாரியாக ஒரு கோப்பில் வைத்திருந்தான். ஒயில் மாற்றியது ஒரு தடவைகூடப் பிந்தவில்லை. அந்தக் கோப்பை நிஷாலினி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது. மடுல்சீமையிலிருந்து ரெங்கம்மா.

“மிஸ், ராத்திரியிலேருந்து கத்துது. வேலைக்கும் போகாம மாட்டுகிட்டயே நிக்கிறேன். போன தடவயும் தவறிப் போச்சு. எப்பிடியாவது வாங்க மிஸ்.”

மணி ஒன்று. வழக்கமாக அவளை ஏற்றிப்போகிற ஆட்டோக்காரர் மஹியங்கனைக்குப் போயிருந்தார். நிஷாலினி போனை வைத்துவிட்டு ஸமீமைப் பார்த்தாள்.

“கொஞ்ச தூரம் ஓட்டிப் பாக்கலாம்னு சொன்னீங்கதானே?”

“ஓ, ஓட்டிப் பாருங்க. பண்டாரவளை வீதியா, இல்ல டவுன் ரவுண்டா?”

“மடுல்சீமைக்கு.”

ஸமீம் டிக்கியைத் திரும்பிப் பார்த்தான். “மாடு காருக்குள்ள ஏறாதே, மிஸ்?” என்றான். ரொஷான் வாய்விட்டுச் சிரித்தான். அன்று அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான். வீட்டிலிருந்து கலனைத் தூக்கிக்கொண்டு வந்து டிக்கியில் வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வங்கிக்குப் போனான்.

கலன் உள்ளே இருக்கும்போது கண்ணாடியை முழுக்க மூடக் கூடாது, ஆவி நிறைந்தால் மூச்சு முட்டும் என்று அவள் சொன்னதும் ஸமீம் தன் பக்கத்துக் கண்ணாடியை முழங்கை வரை இறக்கிவிட்டு, தலையையும் பாதி வெளியே வைத்துக்கொண்டான்.

பசறை வரை அவள் காரைப் பழகிக்கொண்டாள். இருக்கை இரண்டு பக்கமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. வளைவில் உடம்பு சரியாததால் தோளுக்கு வேலையில்லை. கியர்த் தடி குட்டை, மணிக்கட்டை அசைத்தாலே விழுந்தது. பசறை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மூன்றாம் கியருக்கு வந்து காலை மெல்ல அழுத்தினாள். கார் கூச்சல் போடாமல் ஏறியது. தேயிலை ஏற்றிய லொறி ஒன்றை இரண்டு வளைவுகளுக்கு இடையில் இருந்த சின்ன நேர்ப்பாதையிலேயே கடந்துவிட்டாள். இரவல் காரில் அந்த இடத்தில் அவள் முயன்றே பார்த்திருக்க மாட்டாள்.

“ஒங்களுக்கு ஓட்ட வரும் மிஸ்” என்றான் ஸமீம். கொஞ்ச நேரம் கழித்து, “நான் இந்த கியர்ல இந்த ஏத்தத்துக்கு வந்ததே இல்ல. பண்டாரவளை, எல்ல, திரும்பி வீடு. அவ்வளவுதான்” என்றான்.

மடுல்சீமை டவுனைத் தாண்டித் தோட்டப் பாதைக்குள் திரும்பியதும் காரின் மறுமுகம் தெரிந்தது. சின்னக் கல்லும் இடுப்பில் வந்து குத்தியது. மழைத் தண்ணீர் அறுத்துவிட்ட பள்ளங்களைக் குறுக்கே கடக்கும்போது முன் பம்பர் தரையை உரசியது. அவள் காரை நிறுத்தி இறங்கிக் குனிந்து பார்த்தாள். சக்கரத்துக்கும் அதன் மேலிருந்த வளைவுக்கும் நடுவில் மூன்று விரல்கூட நுழையாது.

“ஸ்பிரிங் மாத்தியிருக்கீங்களா?”

ஸமீம் தலையைச் சொறிந்தான். “தாழ்வாப் பதிச்சீக்கேன் மிஸ். பாக்க வடிவா ஈக்கும்னு. ரிம்மும் பெருசு போட்டது.”

அவள் மறுபடியும் ஏறிக்கொண்டாள். மிச்சத் தூரத்தை நடையை விடக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில், பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டி முடித்தாள்.

ரெங்கம்மா லயத்துக் கோடியில் காத்துக்கொண்டு நின்றார். நாற்பது வயதிருக்கும், குரல் போனில் கேட்டதைவிடப் பலமாக இருந்தது. “மஞ்சக் காரு வருதுன்னதும் யாரோ கல்யாணக் காருன்னு நெனச்சேன்” என்றார். நிஷாலினி வெந்நீர் கேட்டு வாங்கி, கலனிலிருந்து விதைக் குழலை இடுக்கியால் எடுத்து வெந்நீரில் போட்டு நொடிகளை எண்ணினாள். பிறகு நீளக் கையுறையை மாட்டிக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் நின்றாள். ஸமீம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, தேயிலைப் பக்கம் திரும்பி நின்று போனில் எதையோ தேடத் தொடங்கினான்.

வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் மாடு இரண்டு தடவை இறுக்கிக்கொண்டதில் தோள் சுள்ளென்று பிடித்துவிட்டது. கையைக் கழுவும்போதே விரல் நுனி மரத்துப்போயிருப்பது தெரிந்தது. இந்தக் கையோடு இறக்கத்தில் கியர் மாற்றிக்கொண்டு போவது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. ரொஷான் சொன்னது சரியாகிப் போகிறதே என்று கோபமும் வந்தது. ஆனாலும் சாவியை ஸமீமிடம் நீட்டினாள்.

“கீழ வரைக்கும் நீங்க ஓட்டுங்க.”

ஸமீம் சந்தோஷமாகத்தான் ஏறினான். சொந்தக் கார் அல்லவா. முதல் இரண்டு பள்ளத்தைச் சுற்றினான். மூன்றாவதை, மண் தண்ணீர் நிறைந்திருந்ததால், பள்ளம் என்றே நினைக்கவில்லை. இடது முன் சக்கரம் உள்ளே இறங்கி, ‘டொக்’ என்று கல்லில் மோதியது. இறங்கிப் பார்த்தபோது மெல்லிய டயரின் பக்கவாட்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். ரிம்மின் விளிம்பும் வளைந்திருந்தது.

ஸமீம் வீதியோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். “நாலு வருஷம் மிஸ். ஒரு கீறல் பட்டதில்ல.”

“கார் மேல தப்பில்ல” என்றாள் நிஷாலினி. “நீங்க இத கண்ணாடி அலுமாரியில வைக்கிறதுக்கு ஏத்த மாதிரி மாத்தியிருக்கீங்க. இது ஓடுறதுக்குச் செஞ்ச கார்.”

“மிஸ் ஓட்டியிருந்தா விழுந்திருக்காது.”

“இன்னிக்கு விழுந்திருக்காது. வருஷம் முழுக்க விழாம ஓட்ட ஏலாது.” ஜாக்கியை எடுக்க டிக்கியைத் திறந்தவள், நினைவு வந்தவளாகக் கேட்டாள். “பழைய ஸ்பிரிங், பழைய ரிம்மெல்லாம் வித்துட்டீங்களா?”

“இல்ல. கட்டிலுக்கு அடியில ஈக்குது. பேப்பர் சுத்தி.”

இருவருமாக ஸ்பெயார் சக்கரத்தை மாட்டி முடித்தார்கள். டவுனுக்கு வந்து தேநீர் குடிக்கும்போதுதான் ஸமீம் தானாகச் சொன்னான், அந்தப் பழைய சாமான்களையும் சேர்த்தே தந்துவிடுவதாக. இந்தக் காரை ஏன் விற்கிறான் என்பதையும் அப்போதுதான் சொன்னான். அவன் உம்மாவுக்கு முழங்கால் மடக்க முடியவில்லை. இவ்வளவு தாழ்வான காரில் ஏறி இறங்க அழுகிறார். நிஷாலினி டயருக்குப் பாதிக் காசு தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று மறுத்துவிட்டான்.

மறுநாள் பசறையில் மெக்கானிக் றில்வான் காரைத் தூக்கி அடியைப் பார்த்தார். பத்து வருடமாக அவளுடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்து வந்தவர். அரை மணி நேரம் கழித்து எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, எஞ்சின் நல்லது, கியர்பொக்ஸ் நல்லது, கிளச் இன்னும் ஒரு வருடம் போகும், பின் ஷொக் இரண்டும் மாற்ற வேண்டும் என்றார். பழைய ஸ்பிரிங்கும் சின்ன ரிம்மும் போட்டு, பக்கம் உயரமான டயர் மாட்டினால் தோட்டத்துக்குள் போகலாம் என்றும் சொன்னார். “வடிவு போயிடும்” என்று சேர்த்துக்கொண்டார்.

“போகட்டும்” என்றாள் நிஷாலினி.

வீட்டில்தான் கஷ்டம். முதல் நாள் தோள் பிடித்து விரல் மரத்துப்போனதை இனியும் மறைக்கலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். கடைசியில் சோறு போடும்போது சொல்லிவிட்டாள். ரொஷான் கரண்டியைக் கீழே வைத்தான்.

“அப்ப ஏன் இன்னும் அந்தக் காருக்கே நிக்கிற?”

“கியர் மாத்தினதால வலிக்கல. மாடு இறுக்கினதால வலிச்சிச்சு. எந்தக் காரா இருந்தாலும் மாடு இறுக்கும்.” தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் தள்ளிவிட்டு, “போகும்போது ஒன்றரை மணி நேரம் நான்தான் ஓட்டினேன், ரொஷான். அப்ப ஒண்ணுமில்ல. ரெண்டு மாட்டுக்கு மேல பாக்கிற நாளில ஒங்கள கூப்பிடுறேன். பஸ்ஸில வந்து திரும்ப ஓட்டிக்கிட்டு வாங்க” என்றாள்.

“நானா? அந்த மஞ்சக் கார?”

“நீங்கதான்.”

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, “லைசன்ஸ் எடுத்தது கையால போடுற கியர்லதான்” என்றான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் அடுத்த கரண்டியைப் போட்டாள்.

கார் வந்து இப்போது ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. முப்பத்தெட்டாயிரம் ஓடிவிட்டாள். ரெங்கம்மாவின் மாட்டுக்கு முதல் ஊசி பிடிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து இரண்டாவது பிடித்தது. கிளச், றில்வான் சொன்னதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே போனது. எரிபொருள் ரொஷான் பார்த்த காரைவிடக் கூடத்தான் போகிறது. அதில் அவன் சொன்னது சரி. பெருமழை நாட்களில் தோட்டத்து மேல் டிவிஷனுக்கு அந்தக் கார் ஏறவே ஏறாது. அப்போது தேயிலைத் தொழிற்சாலையில் நிறுத்திவிட்டுச் சின்னக் கலனோடு நடக்கிறாள். மற்ற நாட்களில், நேரம் பிந்தி எந்த மாட்டையும் தவறவிட்டதாக அவளுக்கு நினைவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கொஸ்லந்தயில் நாலு மாடு. மத்தியானமே ரொஷானைக் கூப்பிட்டாள். வங்கி முடிந்து இரண்டு பஸ் மாறி வந்தான். திரும்பும் வழியில் ஹப்புத்தளை ஏற்றத்தில் அவன் முன்னால் போன வேனொன்றைக் கடந்து, மூன்றாம் கியருக்குத் தட்டி, அதற்கு முன்னால் போனதையும் கடந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்கவில்லை.

“இன்னொண்ணு இருக்கு முன்னால. பஸ்” என்றான் அவன்.

“நேர்ப் பாத வரட்டும்” என்றாள் நிஷாலினி.