டாக்டர் நிரஞ்சனா பிழைத்த விதம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிட்டத்தட்ட மூன்று வருஷத்துக்கு முன்னால், 1986 ஜூன் மாதம், சின்னாளபட்டியில் ஓர் உளவு நாவலை உரக்க வாசித்தபோது அதன் முடிவை நான் மாற்றிவிட்டேன். அந்தக் குறுகுறுப்பு இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

எப்படித் தொடங்குவது என்பதில்தான் தகராறு. அடித்துப் போட்டவை:

"கடலின் அடியில், பன்னிரண்டாயிரம் ஆண்டு உறக்கம் கலைந்து—" (அந்த நாவலின் வாடை. வேண்டாம்.)

"சுங்குடிச் சேலை என்பது யாதெனில்—" (பள்ளிக்கூடக் கட்டுரை. தூ.)

"சுப்புத்தாயக்கா நல்லவள்." (உண்மைதான். ஆனால் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்?)

2

யாதெனில், சொல்லித்தான் ஆகவேண்டும். சாயம் போடுவதற்கு முன் துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போடுவோம். சாயம் ஏறியபின் நூலை உருவினால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. எங்கள் தெருவில் ஓர் ஏற்பாடு உண்டு: ஒருத்தி வாசிப்பாள், அவள் பங்கு முடிச்சை மற்றவர்கள் பிரித்துப் போட்டுக்கொள்வார்கள். நான் பத்தாவது வரை படித்ததால் வாசிக்கும் இடம் எனக்கு. அந்தப் பவிசு எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

அந்த வாரம் பேகம்பூரில் வாடகைக்கு எடுத்த புத்தகம். கடலுக்குள் போன ஒரு பழைய நகரம். அங்கே ஒரு செப்பேடு. அதில் படிகக் கல்லிலிருந்து மின்சாரம் எடுக்கும் சூத்திரம். அதைத் திருட எதிரி நாட்டு நீர்மூழ்கிக் கப்பல். தண்ணீருக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஓர் உளவாளி.*

* அவன் பெயர் மறந்துவிட்டது. எங்களில் யாருக்கும் நினைவில்லை.

எங்களுக்கு டாக்டர் நிரஞ்சனா போதும். அவள் விஞ்ஞானி. உலகத்திலேயே அந்தச் செப்பேட்டைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

3

எங்கள் தெருச் சுப்புத்தாயக்காவின் மகள் பாண்டிச்செல்விக்குப் பிளஸ் டூவில் நல்ல மார்க். திண்டுக்கல்லில் பி.எஸ்ஸி. இயற்பியல் சேர ஆசை. திங்கள்கிழமை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அக்கா வாரக்கணக்காக "பாப்போம், பாப்போம்" என்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம், நிரஞ்சனா அந்தக் கடலடி நகரத்தின் ஏழாவது கதவுக்குள் மாட்டிக்கொண்டாள். ஆக்சிஜன் ஒன்பது நிமிஷத்துக்குத்தான். அந்த இடத்தில் நான் சோற்றுக்காகப் புத்தகத்தை மூடினேன். அக்கா முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அந்தப் பிள்ள உசுரோட மேல வந்துட்டா, நானும் எம்பிள்ளய காலேசுக்கு அனுப்பிர்றேன். அய்யனார் சத்தியமா. வரலேன்னா இந்தப் பேச்சே வேணாம்."

எங்களோடு முடிச்சுப் போடும் செபாஸ்தியம்மாள் சிரித்தாள். "ஏக்கா, கதப் பொஸ்தகத்துலயா குறி பாக்குற?"

"சாமி எதுல சொன்னா என்ன?"

பாண்டிச்செல்வி என்னையே பார்த்தாள்.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நிரஞ்சனா செத்துப்போகிறாள்! செப்பேட்டை மட்டும் மேலே அனுப்பிவிட்டு உள்ளேயே மூழ்கிவிடுகிறாள். உளவாளி கப்பல் தளத்தில் நின்று அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றுகிறான். அட நாசமாய்ப் போனவனே! எழுதின ஆளைத்தான் சொல்கிறேன்.

4

(இங்கே எனக்கே ஒரு சந்தேகம். ஒரு கதைக்காக மகளின் படிப்பைப் பணயம் வைப்பவள் உண்டா? இல்லை, ஊர் வாய்க்குப் பயந்து, "நானா அனுப்பினேன், அய்யனாருல்ல சொன்னாரு" என்று சொல்லிக்கொள்ள அக்காவுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்ததா? கேட்டுவிடலாம், நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். கேட்டால் நானும் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். ஆகவே இந்தப் பகுதியை இப்படியே விட்டுவி—)

5

சாப்பிட்டு வந்து இரண்டு பக்கம் உள்ளபடி வாசித்தேன். ஆக்சிஜன் மூன்று நிமிஷம். அதற்குமேல் என்ன சொல்வது? எனக்கு உளவும் தெரியாது, விஞ்ஞானமும் தெரியாது. தலையைத் தாழ்த்தினேன். அக்காவின் மடியில் பாதி முடிச்சுப் போட்ட சேலை கிடந்தது.

"அப்போது... டார்ச் வெளிச்சத்தில்... சுவரெல்லாம் புள்ளிகள்! அந்தக் காலத்து மக்கள் வெளியே போகும் வழியைப் புள்ளிகளாகக் கொத்தி வைத்திருந்தார்கள். வலப்பக்கம் மூன்று. மேலே ஒன்று. நிரஞ்சனா மறுபடி வலப்பக்கம்—"

"அய்யோ, எடப்பக்கம்டி அம்பிகா!" அக்கா கத்தினாள். "வலம் மூணு போனா எடம் மூணு வரணும்ல. அம்புட்டுப் படிச்ச பிள்ளைக்கு இது தெரியாதா?"

"இல்லை, இல்லை, இடப்பக்கம் திரும்பினாள்," என்றேன். "கதவு திறந்தது."

நிரஞ்சனா மேலே வந்து மூச்சு விட்டபோதுதான் நாங்களும் விட்டோம். பாண்டிச்செல்வி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அக்கா "விடுடி, நூல் அறுந்துரும்" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.*

 * அந்தச் சேலை சாயத்திலிருந்து வந்தபோது ஒரு சாண் அகலத்துக்குப் புள்ளியெல்லாம் கோணல்மாணல். ஆக்சிஜன் தீர்ந்த இடம்.

செபாஸ்தியம்மாள் மட்டும் நகர்ந்து வந்து காதோடு சொன்னாள்: "செத்த நேரமாப் பாக்குறேன், நீ பக்கத்தயே திருப்பல. அடுத்த தடவ புளுகுனா, திருப்பிக்கிட்டே புளுகு."

6

முடிவு. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

(அ) அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். (நான் சொல்லவே இல்லையே.)

(ஆ) அக்காவுக்கு அன்றைக்கே தெரியும். (எனக்கு எப்படித் தெரியும்?)

பாண்டிச்செல்விக்குக் காலேஜில் இது கடைசி வருஷம். சனிக்கிழமைகளில் இப்போது அவள்தான் வாசிக்கிறாள், நான் முடிச்சுப் போடுகிறேன். இந்தக் கதை பத்திரிகையில் வந்தால், "நம்ம அம்பிகா எழுதுனதா? வாசிடி" என்பாள் அக்கா.

எதையும் கடைசிப் பக்கம் பார்த்துவிட்டு வாசிக்கும் பழக்கம் உனக்கு உண்டு, பாண்டிச்செல்வி. என்னிடம் கற்றதுதான். அதனால் இதை இங்கே எழுதுகிறேன். நிரஞ்சனா செத்தது உனக்கே இப்போதுதான் தெரியும். உன் அம்மாவுக்கு உள்ளபடி வாசித்தாலும் சரி, மாற்றி வாசித்தாலும் சரி, நான் தலை குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பேன். மாற்றுவதென்றால் மட்டும், மறக்காமல் பக்கத்தைத் திருப்பு. செபாஸ்தியம்மாள் எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள்.