தும்பியின் கையை நான் சரிசெய்த விதம்

முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் நான் பழுது பார்த்த லிஃப்ட் ஒருநாள் பதின்மூன்றாவது மாடியில் போய் நின்றது. கதவு திறந்தது. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்து, "இங்க வேற யாரையும் அனுப்பாதீங்க, இப்பதான் கூட்டிப் பெருக்கினேன்" என்றார். நானும் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இதை எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. அது அவர்கள் இஷ்டம். ஆனால் மிக்ஸி ஓடவில்லை, மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்றால், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொல்லும் வார்த்தையை இதுவரை ஒருத்தரும் சந்தேகப்பட்டதில்லை. கதையில் என்னை நம்பாதவர்கள் மெஷினில் என்னை நம்பினார்கள். வினை அங்கேதான் வந்தது.

என் மனைவியின் தம்பி விமான ஓட்டி. பெரிய விமானம் இல்லை. வயலுக்கு மருந்து தெளிக்கிற ஒற்றை ஆள் விமானம். பயிருக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் பறந்து, வயல் முடிகிற இடத்தில் மின்கம்பியில் படாமல் தூக்கி, திரும்பி வந்து அடுத்த வரிசையைப் பிடிக்க வேண்டும். இருபத்தொன்பது வருடம் இதைச் செய்தான். வயல்காரர்கள் அவனுக்குத் தும்பி என்று பெயர் வைத்தார்கள், வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவன் பறந்து போன பிறகு பயிர் வகிடு எடுத்தாற்போல் நிற்கும், அதைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்துப் பெண்கள் தலை வாரிக்கொண்டார்கள். இதில் பாதியாவது உண்மை.

ஐம்பத்தொன்பதாவது வயதில் அவன் வலது கை ஆட ஆரம்பித்தது. பெரிய ஆட்டம் இல்லை. டம்ளரைத் தூக்கினால் விளிம்பில் ஓர் அலை, அவ்வளவுதான். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் ஒருநாள் விடாமல் சாப்பிட்டால் கை நிற்க நல்ல வாய்ப்பு உண்டு என்றார். கம்பெனிக்காரர்கள் அதே மூன்று மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். முடிவில் இரண்டு இருக்கை உள்ள விமானத்தில் ஒரு பரிசோதகர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டவிட்டுப் பார்ப்பார். தேறினால் உரிமம் புதுப்பிக்கப்படும். தேறாவிட்டால் அந்த வயதில் இரண்டாம் முறை கிடையாது.

"அத்தான், வீட்டுலயே விமானம் ஓட்டுற மாதிரி கம்ப்யூட்டர்ல இருக்காமே. அது ஒண்ணு ஏற்பாடு பண்ணுங்க" என்றான். "எதுக்கு மாப்ள, பொழுதுபோக்கா?" என்றேன். "இல்ல அத்தான். கை எப்படி இருக்குன்னு எனக்கே தெரியணும். அந்த ஆள் சொல்லித் தெரிய வேணாம்."

அவன் குடியிருந்த அறையில் கட்டிலும் அவனும் சேர்ந்து நிற்க இடமில்லை. அதனால் எங்கள் வீட்டுப் பின்னறையை ஒழித்தேன். இஸ்திரிக்குக் காத்திருந்த துணிகளை இடம் மாற்றியதற்கு என் மனைவி ஒரு வாரம் பேசினாள். அது தனிக் கதை.

கம்ப்யூட்டர் கடையை நடத்துபவர் ஒரு கண்டிப்பான அம்மாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே தேடிக்கொண்டும் இருப்பார். எங்களை உட்கார வைத்து, விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள் இரண்டை ஓட்டிக் காட்டினார்.

"இது பாருங்க, அழகு. உங்க வீட்டு மொட்டை மாடியில காயுற போர்வை வரைக்கும் தெரியும். ஆனா விமானம் தண்டவாளத்துல போற மாதிரி போகும். இதுல மரமெல்லாம் பச்சை முட்டைக்கோஸ்தான். பாக்க சகிக்காது. ஆனா காத்து காத்தா இருக்கும். நீங்க என்ன பண்ணீங்களோ அதை அப்படியே மூஞ்சிக்கு நேரா சொல்லிடும்."

"எனக்குக் காட்சி வேணாம்மா. முப்பது வருஷமா பாத்தாச்சு" என்றான் தும்பி. "மூஞ்சிக்கு நேரா சொல்றதைக் குடுங்க."

"மாப்ள, போர்வை தெரியுமாம்டா" என்றேன் நான்.

"உங்க வீட்டுப் போர்வையை எதுக்கு அத்தான் ஆகாசத்துல இருந்து பாக்கணும்? கீழ இருந்து பாத்தாலே பயந்து ஓடத்தான் தோணுது."

அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார்.

பொருள்கள் வந்து இறங்கின. விமானத்தைத் திருப்புகிற ஸ்டிக்கை மேஜைமேல் வைத்தால் கை தோளிலிருந்து வேலை செய்யும், அது பொய்க்கணக்கு என்று தும்பி சொன்னான். பழைய நாற்காலி ஒன்றின் அடியில் இரும்புப் பட்டை பிடித்து, ஸ்டிக்கை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்தினேன். கால் பெடலைத் தரையோடு முடுக்கினேன். கம்ப்யூட்டரின் விசிறி சுற்ற ஆரம்பித்ததும் மேஜை ஒரு சாண் மேலே எழும்பியது. கால்களில் செங்கல் கட்டி இறக்கினேன்.

முதல் நாள் தும்பி உட்கார்ந்தான். நான் பின்னால் நின்றேன். திரையில் முட்டைக்கோஸ் மரங்கள் வந்தன. ஓடுபாதையை நோக்கி இறங்கத் தொடங்கியதும் விமானத்தின் மூக்கு படபடவென்று அடித்துக்கொண்டது, வெயிலில் நிற்கும் நாயின் நாக்குபோல. சக்கரம் தரையில் மோதி, எகிறி, மறுபடி மோதியது. அவன் திரையைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தான். இருபத்தொன்பது வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"ஸ்டிக் மட்டம் மாப்ள" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. எனக்குப் பொய் தும்மல் மாதிரி, வந்த பிறகுதான் தெரியும். "புது சாமான்ல ஸ்பிரிங் இப்படித்தான் துடிக்கும். நான் சரிபண்றேன். நீ போய்ச் சாப்பிடு."

"நிஜமாவா அத்தான்?"

"நான் மெக்கானிக்கா நீ மெக்கானிக்கா?"

அவன் முகம் தெளிந்தது. எழுந்து போனான்.

ஸ்டிக்கில் ஒரு கோளாறும் இல்லை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருபது நிமிடத்தில் நான் செய்தது இதுதான். ஸ்டிக் நடுவிலிருந்து எவ்வளவு அசைந்தால் அதை அசைவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் அளவு வைக்கலாம். அதற்குள் நடப்பதெல்லாம் நடக்காத மாதிரி. டெட் ஸோன் என்பார்கள். பூஜ்யத்தில் இருந்ததைப் பதினெட்டு சதவீதம் ஆக்கினேன். அதையும் தாண்டி வரும் துடிப்பை வழவழப்பாக்கிக் கொடுக்க இன்னொரு வசதி இருந்தது. அதையும் பாதிக்கு மேல் ஏற்றினேன். லிஃப்ட்காரனுக்கு இதுதானே தொழில்? உள்ளே நிற்கிறவருக்கு நகர்வதே தெரியக்கூடாது. கயிறு எவ்வளவு குதித்தாலும் அவர் கையிலிருக்கும் காபி தளும்பக்கூடாது. அந்த ஆயுள்காலப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோய் ஒரு விமானத்தில் வைத்தேன்.

தும்பி கை கழுவிவிட்டு வந்து விமானத்தை இறக்கினான். பஞ்சுமேல் பஞ்சு வைத்தாற்போல் இறங்கியது.

"அத்தான்!" என்று கத்தினான். "அக்கா, இங்க வா! உன் வீட்டுக்காரர் கைராசியைப் பாரு!"

"அவருக்கு வாய்ராசின்னுதான் நினைச்சேன்" என்றாள் என் மனைவி. ஆனால் அன்றைக்குப் பின்னறைத் துணிகளைப் பற்றி அவள் பேசவில்லை.

இரண்டு நாளில் பழையபடி வைத்துவிடலாம், முதலில் அவனுக்குத் தெம்பு வரட்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் ஒரு வாரமானது. அவன் தினமும் காலையில் வந்தான். எந்த வேகத்தில் தரை தொட்டான் என்று ஒரு நோட்டில் எழுதினான். எண்கள் குறைந்துகொண்டே வந்தன, அவன் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. என்னையும் உட்காரச் சொன்னான். நான் ஓட்டியதில் விமானம் ஒரு மாட்டுக்கொட்டகைக்குள் புகுந்து மறுபக்கம் பாலோடு வெளியே வந்தது. அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பை எப்படி நிறுத்துவது?

ஐந்தாவது வாரம், சாப்பாட்டு மேஜையில், என் மனைவி மாத்திரை டப்பாவை ஆட்டிப் பார்த்தாள்.

"என்னடா, போன வாரம் இருந்த அளவே இருக்கு?"

"நிறுத்திட்டேன் அக்கா. அதைப் போட்டா தூக்கமாவே வருது. நாக்கெல்லாம் மரத்துப் போகுது."

"டாக்டர் என்ன சொன்னாரு? மூணு மாசம்னு சொல்லல?"

"கை சரியாயிடுச்சுக்கா. லேசா ஆடுது, இல்லங்கல. ஆனா விமானம் ஆடலையே. அப்ப அந்த ஆட்டம் கணக்குலயே இல்லன்னுதான அர்த்தம்? அத்தான்கிட்டயே கேளு. அத்தான், நீங்க சொல்லுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தட்டைத் தள்ளிவிட்டு நான் சொல்லியிருக்க வேண்டியது நாலே வார்த்தை. மாத்திரையை நிறுத்தாதே, நான் ஏமாற்றினேன். அந்த நாலு வார்த்தைக்கு வாயும் திறந்தேன்.

"மெஷின் சொல்றதை நான் மாத்திச் சொல்ல முடியுமா?" என்றேன்.

என் மனைவி டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டாள். மெஷின் விஷயமாயிற்றே.

அன்றே அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருந்தாலும் இரண்டு மாதம் மிச்சம் இருந்தது. மருந்துக்கு நேரம் இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகக் குறைக்கலாம், அவனுக்குத் தெரியாமல் நேராகிவிடும் என்று ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பதினெட்டைப் பதினேழாக்கினேன். மூக்கு கொஞ்சம் நடுங்கியது. அவன் முகம் மாறியது. மறுநாள் பதினெட்டுக்கே போய்விட்டேன். என் வீரம் ஒரு சதவீதம்.

சோதனை நாளன்று அவன் சட்டையை என் மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டான். செருப்பைக் கழற்றினான். கூடத்தில் உட்கார்ந்தான். நாங்கள் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"மூணாவது சுத்துல அந்த ஆள் ஸ்டிக்கை வாங்கிக்கிட்டாரு அத்தான். திட்டல. மெதுவாத்தான் வாங்கினாரு, குழந்தை கையில இருந்து கத்தியை வாங்குற மாதிரி. இறங்கினப்புறம் தோள்ல தட்டிக் குடுத்தாரு. அதான் தாங்கல."

அவ்வளவுதான். உரிமம் போய்விட்டது.

நாலு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் அவன் நோட்டை எடுத்துப்போக வந்தான். பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"மாப்ள, உன் கை ஒருநாளும் சரியாகல. நான்தான் மெஷினைத் திருத்தி வெச்சேன்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "ஆரம்பிச்சுட்டீங்களா? இதுக்கும் ஒரு கதையா? என் மனசு தேறணும்னு பழியைத் தூக்கி உங்க தலைமேல போட்டுக்கிறீங்க. விடுங்க அத்தான். நான்தான் மாத்திரையை விட்டேன்."

"டெட் ஸோன் பதினெட்டு" என்றேன். "வழவழப்பு அறுபது. முதல் நாள் நீ சாப்பிடப் போனப்ப வெச்சேன்."

எண் சொன்னதும் அவன் சிரிப்பு நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தான். நான் குனிந்து இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். அவன் ஸ்டிக்கைப் பிடித்தான். முட்டைக்கோஸ் மரங்களுக்கு மேலே மூக்கு படபடவென்று அடித்துக்கொண்டது, முதல் நாள்போலவே, அதைவிட அதிகமாக. அவன் விமானத்தை இறக்கவில்லை. தரைக்கு இரண்டு ஆள் உயரத்தில் ஓடுபாதையின் முழு நீளத்துக்கும் அப்படியே நடுங்கிக்கொண்டு போனான். கடைசியில் கையை எடுத்துவிட்டான். விமானம் எங்கேயோ போய் விழுந்தது.

"அன்னைக்கே இதைப் பாத்திருந்தா மாத்திரையை விட்டிருக்க மாட்டேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரிபார்ப்பவன்போலச் சொன்னான்.

"ஆமா."

"ஏன் அத்தான்?"

எல்லாவற்றுக்கும் கைவசம் கதை வைத்திருப்பவனுக்கு அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. "உன் மூஞ்சியைப் பாக்க முடியல" என்றேன்.

அவன் நோட்டை மூடிக் கையில் எடுத்துக்கொண்டான். பிறகு எழுந்து கதவைத் திறக்கப் போனவன் திரும்பினான்.

"அக்காகிட்ட சொல்லாதீங்க. அவ உங்களை நம்புறது இந்த மெஷின் விஷயம் ஒண்ணுலதான். அதையும் கெடுத்துக்க வேணாம்."

என்னைத் திட்டியிருக்கலாம். ஸ்டிக்கைப் பிடுங்கி என் மண்டையில் போட்டிருக்கலாம். அதற்கு நான் தயாராக இருந்தேன்.

இப்போது அவன் அதே கம்பெனியில் தரையில் வேலை பார்க்கிறான். மருந்து கலந்து தொட்டியில் ஏற்றிக் கொடுப்பது. தன் வயதில் பாதியே உள்ள ஓட்டிக்கு, எந்த வயலில் கம்பி தாழ்வு என்று கையைக் காட்டிச் சொல்கிறான். மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறான், ஆனால் டாக்டர் இந்த முறை நல்ல வாய்ப்பு என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறான். என் மனைவி நான் எழுதுவதைப் படிப்பதில்லை, கேட்டதே போதும் என்பாள். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

போன ஞாயிறும் அவள் ஆரம்பித்தாள். "யாரு நிறுத்தச் சொன்னா உன்னை? டாக்டரைவிட நீ பெரியவனா? ரெண்டு மாசம் பொறுத்திருந்தா இன்னைக்கு மேல இருந்திருப்ப. இப்படி மருந்து கலக்கிட்டா இருப்ப?"

"தப்புதான் அக்கா" என்றான் தும்பி, தட்டைப் பார்த்துக்கொண்டு. "புத்தி இல்லாம பண்ணிட்டேன்."

"நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று அவள் என் பக்கம் திரும்பினாள்.

நான் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.