ஒரு சாண் உயரம்

மசினகுடியில் வேனை விட்டு இறங்கியதும் சக்கரபாணியின் மருமகள் பானுப்ரியா குடம் குடமாக வாந்தி எடுத்தாள். மலைப்பாதை அவள் குடலைப் புரட்டிவிட்டது. அதனால் காடு சுற்றிக்காட்டும் வண்டியில் ஓர் இடம் காலியானது. முகையூர்ப் பக்கத்திலிருந்து சமையலுக்கென்று வேனில் ஏற்றிவந்த பூமாலைக்கு அந்த இடம் கிடைத்தது.

“சீட்டு வீணாப் போவுது. ஏறு, நீயும் புலி பாத்துட்டு வா” என்றார் சக்கரபாணி. மனுஷருக்கு அவ்வளவு தாராள மனசு.

அந்தத் தாராளம் எங்கிருந்து ஊறுகிறது என்று பூமாலைக்குத் தெரியாதா? திங்கட்கிழமை விழுப்புரம் கோர்ட்டில் அவள் சாட்சி சொல்ல வேண்டும். போன மல்லாட்டைப் பட்டத்தில் ஒரு விடியற்காலை, அவள் புருஷன் விருத்தாசலம், சக்கரபாணியின் நிலக்கடலைக் கொல்லையோரம் நடந்துபோனவன், பன்றிக்குக் கட்டிய மின்கம்பியில் மாட்டிச் செத்தான். முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவள் பூமாலைதான். சவுக்கு முளைகள், முளைக்கு முளை சுற்றிய சைக்கிள் டியூப், அதன்மேல் கம்பி. அத்தனையையும் கண்ணால் கண்டாள். போலீஸ் வந்து சேர்வதற்குள் ஒரு முளை இல்லை, ஒரு கம்பி இல்லை. புருஷன் கையருகே மட்டும் ஒரு கொக்கிக் கம்பி புதிதாக முளைத்திருந்தது.

“என் கொல்லையில கம்பியும் இல்ல, எனக்குக் கம்பி கட்டவும் தெரியாது. பன்னிக் கறிக்கு ஆசப்பட்டு அவனே கரண்டு திருடி மாட்டிக்கினான்” என்று போலீசில் எழுதிக் கொடுத்தார் சக்கரபாணி. டியூப் டியூப் என்று இவள் கத்தியது புகாரில் ஒரு வரியாகக் கிடந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் உளறுகிறாள் என்று ஊர் உச்சுக்கொட்டியது. மகள் அமலாவைப் பள்ளிக்கூடத்தில் கரண்டு திருடன் பொண்ணு என்று கூப்பிட்டார்கள். பன்னிரண்டாவதோடு அவள் படிப்பும் நின்றது.

கடைசியில் ஊர்ப் பெரியவர் பெரியசாமி பஞ்சாயத்து பேசினார். “சக்கரபாணி குடும்பத்தோட டூர் போறாரு, நீயும் கூடப் போ. ஒரே வண்டியில போயி, ஒரே சோத்தத் துன்னுட்டு வாங்க. கோர்ட்டுல எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுடு. உன் பொண்ணுக்குத் திண்டிவனத்துல அவரு மச்சான் ஜவுளிக்கடையில வேல.” பூமாலை வாயால் சரி என்றாள். சொன்ன நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. இருக்கிற பெண்ணையாவது கரையேற்றுவோம் என்றுதான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிளம்பினாள்.

வண்டி மெதுவாக ஊர்ந்தது. ஓட்டிய மாதன் அந்த மலைக்காரர். சத்தம் போடக்கூடாது என்று ஏறும்போதே சொல்லியிருந்தார். பூமாலை பக்கத்தில் சித்தார்த்தன் என்று ஒரு கோயம்புத்தூர்ப் பையன், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி. முன் சீட்டில் சக்கரபாணியும் மகன் செல்வகுமாரும். மான்கள் வந்தன, மயில் வந்தது. புலி வரவில்லை. சக்கரபாணிக்கு அலுத்துப்போனது.

காடு முடிந்து தோட்டம் தொடங்கும் இடத்தில் சூரியசக்தி வேலி ஓடியது. அதன் ஓரமாக ஒரு தாய்ப்பன்றியும் ஏழெட்டுக் குட்டிகளும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. மாதன் வண்டியை நிறுத்தினார். சித்தார்த்தன் செல்போனை முன்பக்கம் திருப்பினான்.

“இந்த வேலி தொட்டா சும்மா உதறிவிடும், அவ்வளவுதான். உயிர் போகாது” என்று மாதன் தணிந்த குரலில் விளக்கினார்.

சக்கரபாணி சிரித்தார். பன்றியைப் பற்றித் தமக்கு ஒருத்தன் பாடம் எடுப்பதா?

“இதெல்லாம் ஒரு வேலியாய்யா? இவ்ளோ ஒசரத்துல கட்னா பன்னி கீழ பூந்து போயிக்கினே இருக்கும். ஒரு சாண் ஒசரம், அவ்ளோதான். மூக்கு வந்து முட்டணும்.”

செல்வகுமார் அவர் தொடையைத் தட்டினான். “யப்பா, வுடு.”

“நீ சும்மா இருடா. நாப்பது வருசமா மல்லாட்ட போடறவன் நானு. சவுக்கு முள அடிச்சி, சைக்கிள் டியூப அறுத்து முளைல சுத்திக்கினு, அதும்மேல கம்பிய இழுத்துடணும். ஈரத்துலகூட கரண்டு எறங்காது. எங்கொல்லைல அஞ்சு வருசமா ஒரு பன்னி கால் வெச்சதில்ல, தெரியுமா?”

மாதன் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அது குத்தமாச்சேங்க. ஆள் செத்துடும்.”

“செத்தா சாவறான். அந்நேரத்துல அவன எவன் அங்க வரச் சொன்னான்?”

பன்றிகள் புதருக்குள் போய்விட்டன. ஒரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியும் பூமாலையால் நிரூபிக்க முடியாததை, பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்புகூட இல்லாமல், பெருமைக்காக அந்த ஆள் கொட்டிவிட்டார். இவர்கள் சோற்றைத் தின்ன வந்தோமே என்று தன்மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அவள் சித்தார்த்தன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, பன்னிய வீடியோ எடுத்தியே, அதுல பேசனதும் கேக்குமா?”

“கேக்குங்கம்மா. அவரு பேசினது எல்லாம் நல்லா விழுந்திருக்கு. ஏங்க?”

முன் சீட்டில் இரண்டு தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின. சக்கரபாணியின் முகம் செத்துப்போயிருந்தது.

“ஏ பூமாலை! இன்னா பேஜாரு பண்ற? தம்பி, அத அழிச்சுடுப்பா. இது எங்க ஊட்டு விசயம்.”

“அழிக்காத தம்பி. எம் புருசன் செத்த கம்பி அது” என்றாள் அவள். சித்தார்த்தன் செல்போனைச் சட்டென்று நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

செல்வகுமார் சீட்டைத் தாண்டிக் கையை நீட்டினான். மாதன் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பூமாலை, அமலாவ நெனச்சிப் பாரு. திண்டிவனத்துல வேலை...” சக்கரபாணியின் குரல் கெஞ்சலுக்கு இறங்கியிருந்தது.

“அவளத்தான் நெனச்சிக்கினு இருக்கேன். நீ குந்துய்யா” என்றாள் பூமாலை. ஐயா, நீங்க என்று தவிர அவரை அதுவரை அவள் கூப்பிட்டதே இல்லை.

பிறகு அந்த வீடியோவை அனுப்பச் சொல்லி, சித்தார்த்தனிடம் மகளுடைய செல்போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி, உரக்கச் சொன்னாள்.