சந்து முனையில் மீன் பொரித்த பெண்

எங்கள் வட்டாரத்தில் யாரைச் சுட்டாலும் யாரை வெட்டினாலும், அந்தச் செய்தி என் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். சார்ஜென்ட் ஹயசிந்த் பாட்டிஞ்சர் என்றால், அதாவது நான் என்றால், ஜமைக்காவின் பாதி நிருபர்களுக்குப் பயம், மீதிப் பேருக்கு எரிச்சல். ஸ்டேஷனிலிருந்து வருகிற அறிக்கையில் எல்லாம் இருக்கும். யார் பார்த்தார்கள், எங்கே நின்று பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் இருக்கும். அது எங்களுக்கு. ரேடியோவுக்கும் பேப்பருக்கும் போவது வேறு: செத்தவர் பெயர், வயது, தொழில், இடம், நேரம், அவ்வளவுதான். நடுவில் உட்கார்ந்து வெட்டுகிறவள் நான். முதுகுக்குப் பின்னால் என்னைக் 'கத்தரி' என்கிறார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்று காலை வந்தது கோரல் சந்துக் கொலை. டாக்சி ஓட்டுகிற கென்ரிக் லோபன், கப்பம் கேட்டவர்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னவன். முந்தின நாள் சாயங்காலம் சந்து முனையில் சுட்டுப் போட்டுவிட்டார்கள். ஊரே நின்றுகொண்டிருந்த நேரம். கான்ஸ்டபிள் கேட்டால் ஒருத்தருக்கும் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை. எங்கள் ஊரில் போலீசிடம் வாய் திறந்தவன் காட்டிக்கொடுத்தவன். அவன் கதி என்னவென்று குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தி பேசியிருந்தாள். 'சந்து முனையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த பெண், சுட்டவன் முகத்தைப் பார்த்ததாகவும் அடையாளம் காட்டத் தயார் என்றும் கூறினார்' என்று அறிக்கை சொன்னது.

கோரல் சந்து முனையில் மீன் பொரிப்பது ஒரே ஒருத்திதான். மிஸ் வெரோனா. வெள்ளிக்கிழமை தவறாமல் அவளிடம்தான் நான் சாப்பிடுவேன். அந்த வரியை முதலில் தூக்க வேண்டும் என்று நினைத்தபோது தலைமையகத்திலிருந்து போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால், என் மேலதிகாரி இன்ஸ்பெக்டர் பிளாக்வுட் தன் போனைப் பையில் போட்டுக்கொண்டு திருப்தியாக நிற்கிறார்.

"என்ன அனுப்பினீங்க?"

"கோரல் சந்து அறிக்கைதான், சார்ஜ். ரேடியோக்காரன் காலையிலேர்ந்து உயிரை எடுக்கிறான். நீ வெட்டி முடிக்கிறதுக்குள்ள மதியச் செய்தியே முடிஞ்சிடும்."

"எந்த அறிக்கை? ஸ்டேஷன்லேர்ந்து வந்ததா?"

அவர் போனை வெளியே எடுத்துப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. நிருபர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவுக்கு, மீன் பொரித்த பெண்ணோடு சேர்த்து, முழுசாக அனுப்பியிருந்தார்.

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அதை அழித்தார். நான் ஒவ்வொரு நிருபராகக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பேப்பர்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். கடைசியாக ரேடியோவைக் கூப்பிட்டு மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, வராந்தாவில் இருந்த ரேடியோ அந்த வரியைத் தெளிவாக வாசித்தது.

சந்தில் போலீஸ் என்று தெரியக் கூடாது என்று சீருடையை மாற்றிவிட்டு இன்ஸ்பெக்டரின் சொந்தக் காரிலேயே கிளம்பினோம். வழியெல்லாம் அவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். "வண்டியை ஓட்டுங்க, வாயை ஓட்டாதீங்க" என்றேன். மேலதிகாரியிடம் பேசுகிற பேச்சா அது? அன்றைக்கு எனக்கு அதெல்லாம் ஓடவில்லை.

மிஸ் வெரோனா அடுப்புக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரேடியோ.

"கேட்டேன், சார்ஜ். பேரை மட்டும் விட்டுட்டாங்களே. அதையும் என் செருப்பு அளவையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே?"

"என் தப்பு, மிஸ் வெரோனா" என்றார் இன்ஸ்பெக்டர். "இப்பவே கெளம்புங்க. வேற ஊர்ல பத்திரமா தங்க வைக்கிறோம்."

"இன்னிக்கு இந்த அடுப்பு எரியலைன்னா என்ன அர்த்தம்? ஆமா, பார்த்தவ நான்தான்னு நானே மைக் போட்டுச் சொன்ன மாதிரி. அப்புறம் நானும் என் பொண்ணும் எந்த ஜென்மத்துல இந்தத் தெருவுக்குத் திரும்பி வர்றது?"

வாய்தான் அப்படிப் பேசியது. கை ஒரே மீனைத் திருப்பித் திருப்பிப் போட்டது. போனாலும் ஆபத்து, இருந்தாலும் ஆபத்து.

எதிர்ப்பக்கம் சூப் விற்கிற இசில்டா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதாம் மரத்து நிழல் யாருக்கு என்று இரண்டு பேருக்கும் சண்டை. வருஷக்கணக்கில் பேச்சு இல்லை. திடீரென்று ஒரு இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள்.

"ஏய், தள்ளு. அடுப்பு வைக்க எடம் விடு."

"உனக்கு மீன் பொரிக்கத் தெரியுமாடி?"

"தெரியாது. கருகட்டும். உன் மீனைத் தின்னு பழகினவங்களுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

பிறகு சந்துக்குள் திரும்பி ஒரு சத்தம் போட்டாள். "என்னடி பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? வீட்ல சட்டி இல்லையா? மீன் பொரிச்சவ எவன்னு வர்றவன் தேடட்டும்."

ஒருத்தி வந்தாள். பின்னால் அவள் தங்கை. அப்புறம் முடி பின்னுகிற கடைக்காரி, பாதி பின்னிய தலையோடு அவளுடைய வாடிக்கைக்காரியும். மீன் இல்லாதவர்கள் வாழைக்காயைப் போட்டார்கள். அதுவும் இல்லாத ஒருத்தி வெறும் எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு ஜம்பமாக உட்கார்ந்தாள். மீன் போதவில்லை என்றதும் இசில்டா இன்ஸ்பெக்டரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயா சும்மாதானே நிக்கிறீங்க? கடற்கரைக்குப் போய் வாங்கிட்டு வாங்க." போனார். மீன் கூடையைச் சுமந்துகொண்டு, சட்டையெல்லாம் செதிலாக அவர் திரும்பி வந்ததைப் பார்த்தபோதுதான் அவர் மேல் இருந்த என் கோபம் கொஞ்சம் தணிந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு பைக் வந்தது. மேலே இரண்டு பேர். முனைக்கு வந்ததும் மெதுவாக்கினார்கள். என் கை சட்டைக்கு அடியில் துப்பாக்கிக்குப் போனது. வெரோனாவைப் பார்த்தேன், 'இவனுங்க இல்லை' என்று லேசாகத் தலையசைத்தாள். சுட்டவன் அனுப்பிய ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு சட்டியாகப் பார்த்தார்கள். ஒவ்வொரு சட்டிக்குப் பின்னாலிருந்தும் ஒருத்தி கரண்டியைப் பிடித்தபடி அவர்களையே பார்த்தாள்.

"தம்பிங்களா, மீன் வேணுமா?" என்றாள் இசில்டா. "யாருகிட்ட வேணும், சொல்லுங்க."

பின்னால் இருந்தவன் முன்னால் இருந்தவன் தோளைத் தட்டினான். போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டர் பைக் நம்பரை ஏற்கெனவே போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மூச்சு விட்டேன். அப்போது இசில்டா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சார்ஜ், வாக்குமூலம் எழுதுறதுக்கு காகிதம் இருக்கா?"

"எதுக்கு?"

"நேத்து கான்ஸ்டபிள்கிட்ட ஒண்ணும் பார்க்கலைன்னு சொன்னேன். பொய். இவ எண்ணெயையும் பார்த்துக்கிட்டு அவனையும் பார்த்தா. நான் அவனை மட்டும்தான் பார்த்தேன். என் பேரையும் எழுது."

வெரோனா அவள் வைத்த கரண்டியை எடுத்து, அவள் சட்டியில் கருகிய மீனைத் திருப்பிப் போட்டாள். பின்னாலிருந்து முடி பின்னுகிறவள், "எனக்கு அவன் பேரே தெரியும்" என்றாள். வெறும் எண்ணெய் காய்ச்சியவள், "எனக்கு அவன் வீடு தெரியும்" என்றாள். காரின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதினேன். அழுதேன். அடுப்புப் புகை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் அவனைப் பிடித்தோம். செய்திக்கான அறிக்கையை நான் எழுதினேன்: பிடிபட்டவன் வயது, பிடித்த இடம், அவ்வளவுதான். யாராவது பார்த்தார்களா என்ற பேச்சே அதில் இல்லை. ரேடியோக்காரன் இன்ஸ்பெக்டரின் போனில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். அவர் அதை எடுக்கவில்லை. என் மேஜைக்கு வந்து, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ வெட்டி முடி, சார்ஜ். நான் காத்திருக்கேன்."