நீலம் போட்ட விரல்

நீலக்கல் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. விவரமானவர்கள் அதை எடுத்த எடுப்பில் விரலில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். மூன்று நாள் துணியில் முடிந்து புஜத்தில் கட்டிக்கொண்டு, கெட்ட கனவு வருகிறதா, கால் இடறுகிறதா என்று சோதித்துப் பார்ப்பார்கள். சென்னிமலைக் கவுண்டர் அவர்களைவிட விவரமானவர். சோதனைக்கு அவர் தன் பண்ணையாளைக் கூப்பிட்டார்.

பனமரத்துப்பட்டி ஏரிக்குத் தெற்கே பாதி நிலம் அவருடையது. அவருக்கு ஏழரைச் சனி பிடித்த வருஷம் அது. சோசியர் தண்டாயுதபாணி நீலம் போடச் சொல்லிவிட்டார். சேலத்துப் பத்தர் ஒருவர் மயில்கழுத்து நிறத்தில் அருமையான கல்லாகத் தேடிப் பிடித்து, கனமான பொன்னில் பதித்துக் கொடுத்தார். பார்த்தவர்கள் கண்ணை எடுக்கவில்லை. கவுண்டருக்கு மட்டும் அதைத் தொடவே நடுக்கமாக இருந்தது.

பண்ணையாள் பச்சமுத்து அன்றைக்கு விடைபெற வந்திருந்தான். பண்ணையில் உழைக்கப் பேசியிருந்த வருஷம் தையோடு முடிந்துவிட்டது; இனி அவன் யாருக்கும் ஆளில்லை. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கல் சுமக்கும் மச்சினன் தீர்த்தகிரி பொங்கலுக்கு வந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்.

"அங்கயும் மாடாட்டந்தான் ஒழைக்கோணும் மச்சான். ஆனாச் சங்கு ஊதினதுக்கு அப்பறம் நம்மள ஒருத்தனும் கூப்பிட மாட்டான்."

கூப்பிட ஆளில்லாத ஒரு சாயங்காலம்! பச்சமுத்துவும் அவன் பெண்டாட்டி பழனியம்மாளும் பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றைக் கண்டதில்லை. அந்த ஆசையில் சட்டிபானைகளைக்கூடக் கட்டி வைத்துவிட்டார்கள்.

"போறதுதான் போற, எட்டே எட்டு நாளு இதைப் போட்டிருந்துட்டுப் போடா" என்றார் கவுண்டர்.

"எம்பட கைக்கு எதுக்குங்க பண்ணாடி இதெல்லாம்?"

"சொன்னாச் செய்யோணும்."

உப்பைத் தின்றவன் மறுக்க முடியுமா? போட்டுக்கொண்டான். கவுண்டரின் தடித்த விரலுக்குச் செய்தது அவனுக்குத் தொளதொளத்தது. நூல் சுற்றி இறுக்கிக்கொண்டான். எங்கே நழுவிவிடுமோ என்று தூக்கத்திலும் கையை மூடியபடியே கிடந்தான்.

எட்டு நாளுக்குள் கவுண்டருக்கு அடித்தது யோகம். சேலம் கோர்ட்டில் வரப்பு வழக்கு ஜெயித்தது. தூர்ந்து கிடந்த கிணற்றில் ஊற்றுக் கண் திறந்தது. அவரைவிடப் பச்சமுத்துவுக்குத்தான் சந்தோஷம். நல்ல கல் என்று தெரிந்துவிட்டது, நாம் கிளம்பலாம் என்று மோதிரத்தைக் கழற்றிக் கழுவி, வெற்றிலையில் வைத்து நீட்டினான். கவுண்டர் பாம்பைக் கண்டவர்போலப் பின்வாங்கினார்.

"நல்லது நடந்தது எப்படா? உன்ர கையில இருந்தப்ப. இப்ப என்ர கைக்கு மாத்தி, அதுவும் மாறிப்போச்சுன்னா?"

பக்கத்தில் இருந்த சோசியர் தலையை ஆட்டினார். "கல்லு இவனைப் புடிச்சுக்கிச்சுங்க. உங்களுக்குப் பதிலா இவனே போட்டிருக்கட்டும். ஏழரை முடியற மட்டும்."

ஏழரை வருஷம்! கவுண்டர் வெளியே போன நேரம் பார்த்துப் பச்சமுத்து பின்கட்டுக்கு ஓடி, அவர் சம்சாரம் சௌந்திரத்திடம் மோதிரத்தை நீட்டினான். "சனியனை ஊட்டுக்குள்ள கொண்டாராதீடா!" என்று அவள் கதவைச் சாத்தினாள். கோயில் பூசாரி உண்டியலிலும் போட விடவில்லை. மோதிரம் என்னவோ நூலை அவிழ்த்துக் கையை உதறினால் விழுந்துவிடும். விழுந்ததை எடுத்துக்கொள்ளத்தான் ஆளில்லை. எங்காவது வைத்துவிட்டுப் போய் அது தொலைந்தால் அவன் திருடன். போட்டுக்கொண்டு போனாலோ கேட்கவே வேண்டாம்.

அதற்குள் கவுண்டர் மகனுக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. கல் கெட்டது என்று இப்போதாவது பிடுங்கிக்கொள்வார் என்று பச்சமுத்துவுக்குக் குப்பென்று ஒரு சந்தோஷம். தான் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை சாகக் கிடக்கிறதே, அதற்கா சந்தோஷப்பட்டோம் என்று வெட்கிப்போய் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுதான். பிள்ளை பிழைத்தது. "கல்லு இல்லாட்டிப் போயிருப்பான்" என்றார் கவுண்டர். செத்திருந்தால், கல் இல்லாவிட்டால் குடும்பமே போயிருக்கும் என்றிருப்பார். அவர் கணக்கில் கல் தோற்க வழியே இல்லை.

பிறகு அவன் ஏர் பிடிக்கவும் சாணி அள்ளவும் கூடாது என்று உத்தரவாயிற்று. பெரிய வீட்டிலிருந்து சுடுசோறு வந்தது. காவலுக்கு மாதையன் என்பவன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்தான். "சனியைப்போலக் கொடுப்பாருமில்லை. உனக்கென்னடா குறை?" என்று ஊர் பொறாமைப்பட்டது.

மாசியில் தீர்த்தகிரி வண்டியோடு வந்துவிட்டான். அணை வேலையில் அவர்களுக்கென்று பிடித்து வைத்த இடம் இனி நிற்காதாம். பழனியம்மாள் மூட்டைகளை ஏற்றிவிட்டுக் கைக்குழந்தையோடு நின்றாள்.

"ஒருக்காப் போயிக் கால்ல விழுந்து கேளுங்க மாமா" என்றாள்.

போனான், விழுந்தான். கவுண்டரும் சோசியரும் களத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு கெஞ்சியும் கவுண்டர் அசையவில்லை. பச்சமுத்துவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாழ்நாளில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான்.

"உங்களுக்கு வேண்டியது இந்த ஒரு வெரலுதானுங்களே பண்ணாடி? வெட்டிக் குடுத்துட்டுப் போறனுங்க!"

சொன்ன பிறகுதான் பயந்தான். எட்டி உதைப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டான். உதை விழவில்லை. கவுண்டர் கோபிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். சோசியர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சோசியரே, அது ஆகுங்களா?"

சோசியரும் யோசித்தார். "ஆகாதுங்க. கல்லு தொடற சதையில உசுரு இருக்கோணும்."

"கேட்டியாடா? ஆகாதாம்" என்றார் கவுண்டர். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "போ, சாமி. சோறு ஆறிப்போகுது."

பச்சமுத்து வண்டிக்குத் திரும்பினான். நீ போ என்று பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் கதறியழுதபடி வண்டியில் ஏறினாள். குழந்தை அவனிடம் தாவியது. வாங்கிக்கொள்ள நீட்டிய வலக்கையை வெடுக்கென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். யார் சொல்லியும் இல்லை. கல் பிள்ளைமேல் பட்டுவிடுமோ என்று அவனுக்கே பயமாக இருந்தது. இடக்கையால் தலையைத் தடவிக் கொடுத்தான். தீர்த்தகிரி மாட்டைத் தட்டினான்.